மூன்று கிலோ கண்

உடம்பை இளைக்க வைக்க உலகத்தில் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கொஞ்சம் சிரமமும் இருக்கிறது. நடக்க வேண்டும், வியர்க்க வேண்டும், வாயைக் கட்ட வேண்டும். லேசு ஐயாவின் வழியில் அந்தத் தொல்லை ஒன்றுமில்லை. வரிசையில் நின்றால் போதும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும், மூடிப்போன நாற்காலிக் கடையின் மாடியிலிருந்து தெருமுனைப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் வரிசை நீண்டது. வெயிலில் நின்று நின்றே இளைத்தவர்களும் உண்டு. அந்தப் புகழும் ஐயாவுக்கே போய்ச் சேர்ந்தது.

ஐயாவின் கண்டுபிடிப்பு எளிமையானது. உங்கள் உடம்பில் இருப்பது கொழுப்பு அல்ல, கண். நீங்கள் புதுச் சட்டை போட்ட அன்று எதிர்வீட்டுக்காரர் பார்த்தாரே, அந்தப் பார்வை. பதவி உயர்வு வந்த அன்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தாரே, அந்தச் சிரிப்புக்குப் பின்னாலிருந்த பார்வை. எல்லாம் கிராம் கிராமாக வந்து இடுப்பில் ஒட்டிக்கொள்கிறதாம். ஐயா ஒரு வெள்ளை இறகுத் துடைப்பத்தால் தலை முதல் கால் வரை தட்டுவார். தட்டியதை மூடி போட்ட வாளி ஒன்றில் உதறுவார். வாளியின் மேல் 'கண் குப்பை, திறக்காதீர்' என்று எழுதியிருக்கும். உள்ளே நுழையும்போது ஒரு எடை இயந்திரம், வெளியேறும் வாசலில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோ காணாமல் போயிருக்கும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஐயாவின் துண்டறிக்கையை அச்சடித்தது எங்கள் அச்சகம். அதில் பிழை திருத்தியவன் நான். இருபது வருடமாக இதே வேலை. அந்த அறிக்கையில் நான்கு எழுத்துப் பிழைகளைப் பிடித்தேன். அறிக்கையே பெரிய பிழை என்பது மட்டும் கண்ணில் படவில்லை.

அறிக்கையின் அடியில் விதிகள் இருந்தன. வெளி வாசலுக்குப் போனவர் திரும்ப நுழைவாசல் பக்கம் வரக்கூடாது; வந்தால் இறங்கிய கண் ஏறிக்கொள்ளும். வீட்டில் எடை பார்க்கக்கூடாது, பார்த்தாலும் ஏறிக்கொள்ளும். சந்தேகப்படவே கூடாது, சந்தேகமும் ஒருவகைக் கண்தான். ஐயாவின் மேல் மட்டும் ஒரு கிராம் கண் கூட ஒட்டாது.

அடுத்த ஞாயிறு போனால் நுழைவாசல் இயந்திரம் பழைய எடையையே காட்டும். "பார்த்தியா, ஒரே வாரத்துல எத்தனை பேர் கண்ணு!" என்று ஐயா வருத்தப்படுவார். வந்தவரும் எதிர்வீட்டுக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டே அடுத்த டோக்கனை வாங்குவார்.

இனி என் மனைவி. பார்சல் அலுவலகத்தில் எடை போடும் மேசை அவளுடையது. பதினான்கு மாதமாக உடம்பைக் குறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டித் துண்டைக்கூடச் சமையலறைத் தராசில் வைத்துத்தான் தட்டில் போடுவாள். ஆப்பிளைத் தின்றபின் மிச்சமிருக்கும் நடுப்பகுதியை மறுபடி எடை போட்டுக் கழிப்பாள். எல்லாவற்றையும் கலோரியாக்கி ஒரு நீல நோட்டில் எழுதுவாள். காலையில் ஐம்பது நிமிடம் நடை, மாலையில் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி உடற்பயிற்சி. முதல் இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ இறங்கியது. மூன்றாம் மாதம் திரும்பி வந்தது. அதன்பிறகு எண்பத்தொன்று புள்ளி நான்கை விட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

உள்ளே போவது குறைந்தால் உடம்பு குறையும், கணக்கு அவ்வளவுதான் என்பது என் கட்சி. கணக்கு தப்பாது. ஆகவே அவள்தான் தப்புச் செய்கிறாள், யாருக்கும் தெரியாமல் தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். டின்னில் இருந்த பிஸ்கட்டுகளை ரகசியமாக எண்ணி வைத்தேன். பதினாறு. மறுநாளும் பதினாறு. ஒரு வாரம் கழித்தும் பதினாறு. இதிலிருந்து நான் அறிந்துகொண்டது, அவள் வெளியில் தின்கிறாள் என்பது!

என் அக்கா இன்னும் நயமாகச் சொல்வாள். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா காத்தைக் குடிச்சா யாருக்கும் உடம்பு ஏறாது."

மனைவி நீல நோட்டை எடுத்து எழுதத் தொடங்கிவிடுவாள். கொஞ்ச நாளாகவே அவளுக்குச் சோர்வு. எல்லோருக்கும் வியர்க்கும்போது அவளுக்குக் குளிரும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். "முதல்ல சாப்பாட்டைக் குறை, ரத்தத்தை அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்ன அறிவாளி நான்தான். சீட்டு அவள் கைப்பையிலேயே மடிந்து கிடந்தது.

அக்காதான் எங்களை லேசு ஐயாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். நுழைவாசல் இயந்திரத்தில் மனைவி ஏறினாள். எண்பத்து நான்கு புள்ளி ஆறு. அவள் புருவம் லேசாக உயர்ந்தது. ஐயா எதிரே வந்து நின்றார். நல்ல குரல், கனிவான முகம்.

"நீ அளந்துதான் சாப்பிடுற. எனக்குத் தெரியும். உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா."

அவள் கண் நிறைந்துவிட்டது. பதினான்கு மாதத்தில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்ன முதல் ஆள் ஒரு பித்தலாட்டக்காரன். கட்டின புருஷன் நான், பக்கத்தில் பிஸ்கட் கணக்கோடு நின்றுகொண்டிருந்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

"டாக்டர் சீட்டு ஏதாவது வெச்சிருக்கியா?" என்று கேட்டார் ஐயா. அவள் எடுத்துக் கொடுத்தாள். ஐயா வாளியின் மூடியை அரைச் சாண் தூக்கி அதைப் போட்டார். "ஊசி குத்தினா கண்ணு ரத்தத்துல இறங்கிடும். அப்புறம் என்னாலயே எடுக்க முடியாது."

பிறகு இறகால் தட்டினார். வெளி வாசல் இயந்திரம் எண்பத்தொன்று புள்ளி நான்கு காட்டியது. கூட்டம் கைதட்டியது. அக்கா அழுதேவிட்டாள்.

திரும்பும்போது பேருந்தில் மனைவி விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு கேட்டாள்: "என்னங்க, காலையில வீட்ல நான் எவ்வளவு இருந்தேன்?"

"எண்பத்தொண்ணு புள்ளி நாலு."

"இப்ப?"

"எண்பத்தொண்ணு புள்ளி நாலு."

"அப்ப என்னத்தைத் தட்டினார்?"

முன் இருக்கையிலிருந்து அக்கா பதறித் திரும்பினாள். "சந்தேகப்படாதடி, ஏறிடப் போவுது!"

"அண்ணி, எங்க ஆபீஸ்ல தினமும் கதவு திறக்கறதுக்கு முன்னாடி இருபது கிலோ கல்லை மெஷின் மேல வெச்சுப் பார்ப்போம். இருபது காட்டலைன்னா அன்னிக்கு அந்த மெஷினைத் தொடமாட்டோம். ஆளைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி மெஷினைச் சந்தேகப்படணும்."

அந்தப் பேச்சு எனக்கும் சேர்த்துத்தான் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகே உறைத்தது. "சரி விடு, இனிமே அங்க போக வேணாம்" என்றேன்.

"போகணும். அந்த வாளிக்குள்ள பார்த்தேன். என் சீட்டு மட்டும் இல்ல, பாதி வாளிக்குச் சீட்டு கிடக்கு. யார் யாருக்கு என்னென்ன நோவோ!"

அடுத்த ஞாயிறு நாங்கள் நான்கு பேராகப் போனோம். நான், மனைவி, அக்கா, நான்காவதாக அந்த இரும்பு எடைக்கல். மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, சக்கரம் வைத்த பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். மாடிப்படியில் சக்கரம் உதவவில்லை. இருபது கிலோவையும் தூக்கி ஏறியபோது பிஸ்கட் எண்ணிய பாவத்தில் கொஞ்சம் கழிந்தது.

டோக்கன்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"எடைக்கல். வருஷக்கணக்கா கவுண்டர்ல இருக்கு. தினமும் ஊரே பார்க்குது. எவ்வளவு கண்ணு பட்டிருக்கும், பாவம்! இதுக்கும் ஒரு டோக்கன் குடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. "நியாயம்தானே" என்றார் பின்னால் நின்ற லாரி டிரைவர். அவர் ஒரு காலில் கட்டுப் போட்டிருந்தார்.

கல்லை நுழைவாசல் இயந்திரத்தில் வைத்தோம். இருபத்து மூன்று புள்ளி இரண்டு.

ஐயா ஒரு நொடி தடுமாறினார். ஒரே நொடிதான். தொழில் தெரிந்தவர். "பார்த்தீங்களா! இரும்பைக்கூட விட்டுவைக்கலை இந்த உலகம்!"

கூட்டம் கைதட்டியது. ஐயா இரும்புக்கு இறகு தட்டினார். வெளி வாசலில் இருபது கிலோ. இன்னும் பெரிய கைதட்டல். கல்லுக்கே குணமாகிவிட்டதே என்று ஒரு அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நான் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தேன். மனைவி மட்டும் பார்சல் மேசையில் நிற்பதுபோல அமைதியாக நின்றாள்.

"ஐயா, உங்க மேல ஒரு கிராம் கண் கூட ஒட்டாதுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே. நிஜமா?"

"நிஜம்தாம்மா."

"அப்ப உங்க எடை அந்த மெஷின்லயும் இந்த மெஷின்லயும் ஒண்ணாத்தான் இருக்கணும். கொஞ்சம் ஏறிக் காட்டுங்க."

ஐயா இறகுத் துடைப்பத்தை நீவினார். "நான் எடை பார்க்கறது வழக்கமில்ல."

அவள் வற்புறுத்தவில்லை. வேலையைப் பக்தர்கள் பார்த்துக்கொண்டார்கள். "ஏறுங்க ஐயா! ஏறி இந்தம்மா வாயை அடைங்க!" எல்லோரையும்விட உரக்கக் கத்தியது என் அக்கா. நம்பிக்கை மிகுந்த நாலு பேர் ஐயாவை அன்போடு தோளைப் பிடித்து வெளி வாசல் இயந்திரத்தில் ஏற்றினார்கள். எழுபத்திரண்டு.

"இப்ப அந்தப் பக்கம்" என்றாள் மனைவி.

"பின்னால போகக்கூடாதும்மா, விதி! போனா ஏறிடும்!"

"உங்களுக்குக்கூடவா ஐயா?"

பக்தர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஐயா மேல ஏறுமா? நல்லா இருக்கே பேச்சு!" என்று அவர்களே அவரைத் தள்ளாத குறையாக அழைத்துப்போய் நுழைவாசல் இயந்திரத்தில் நிறுத்தினார்கள்.

எழுபத்தைந்து புள்ளி இரண்டு.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. "இது… நீங்க எல்லாரும் இப்ப என்னையே பார்க்கறீங்க இல்லையா, அதான்" என்றார் ஐயா.

"அப்ப தட்டுங்க ஐயா" என்றார் லாரி டிரைவர். கிண்டலாக அல்ல, நிஜமான கவலையோடு.

ஐயா இயந்திரத்தின் மேல் நின்றபடியே தனக்குத்தானே தட்டிக்கொண்டார். எழுபத்தைந்து புள்ளி இரண்டு. இன்னும் பலமாகத் தட்டினார். துடைப்பத்திலிருந்து நாலைந்து இறகுகள் உதிர்ந்து பறந்தன. எண் அசையவில்லை. ஊரிலுள்ள கண்ணையெல்லாம் எடுத்தவரால் தன் மேலிருந்த மூன்று கிலோவை எடுக்க முடியவில்லை.

மனைவி வாளியைத் தூக்கித் தரையில் கவிழ்த்தாள். கண் ஒன்றும் விழவில்லை. காகிதங்கள் விழுந்தன. சர்க்கரைக்குச் சீட்டு, ரத்த அழுத்தத்துக்குச் சீட்டு, மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன சீட்டு. லாரி டிரைவர் குனிந்து ஒன்றை எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னுது… மூணு மாசம் ஆச்சே. கால் ஆறவே மாட்டேங்குதுன்னு சொன்னேன். கண்ணுதான்னு சொன்னாரே…"

"எந்திரிங்கண்ணே. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று மனைவி அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

இந்தச் சந்தடியில் ஐயா நழுவினார். யாரும் திரும்பிப் போகக்கூடாத அதே நுழைவாசல் வழியாக. ஆனால் படி முழுக்க வரிசை நின்றது. மேலே நடந்தது கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது. "எங்க ஐயா போறீங்க? எங்களுக்குத் தட்டிட்டுப் போங்க!" என்று வழிமறித்துக்கொண்டார்கள். போலீஸ் வரும்வரை அவரைத் தப்பவிடாமல் காத்தது அவருடைய பக்தகோடிகள்தான்.

மறுநாள் மனைவி ரத்தம் கொடுத்தாள். தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லையாம். டாக்டர் நீல நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா எழுதினதை நான் பார்த்ததே இல்லம்மா. இதை அப்பவே நம்பியிருந்தா போதும்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மாத்திரை போட வேண்டும், நடையை விடக்கூடாது, மெதுவாகத்தான் இறங்கும், கொஞ்சமாகத்தான் இறங்கும் என்றும் சொன்னார். அவர் இறகு எதையும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நான் பிஸ்கட்டை எண்ணினேன்."

"தெரியும்" என்று நோட்டைத் திறந்து காட்டினாள். எட்டாம் தேதிக்கு நேரே எழுதியிருந்தது: 'இவர் டின்னைத் திறந்து எண்ணி மூடினார். பூஜ்யம் கலோரி.'

அக்கா மட்டும் இன்னும் அங்கலாய்க்கிறாள். "ஐயா நல்லவர்தாண்டா. அவருக்கே கண்ணு பட்டுடுச்சு, பாவம்." இப்போது வேறொரு தெருவில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து எடை குறைக்கிறவர் ஒருவர் வந்திருக்கிறாராம். துண்டறிக்கை எங்கள் அச்சகத்துக்கு வந்தது. இந்த முறை எழுத்துப் பிழைகளை விட்டுவிட்டு, மொத்தத்தையும் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினேன். முதலாளி கோபித்துக்கொண்டார்.

அங்கே போகப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செருப்பு, பை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடை இயந்திரத்தில் ஏறுகிறீர்கள். அவற்றோடு மூளையையும் கழற்றி வைக்காதீர்கள். அதை உபயோகித்தால் ஒரு கிராம் கூட எடை கூடாது.