தலைப்புக்குள் போன மழை

முன்னுரைக்காரர் என்றொரு மனித இனம் உண்டு. இலங்கை மலையகத்தில் தேயிலைக்கு அடுத்தபடியாகச் செழித்து வளர்வது அதுதான். "ரெண்டே வார்த்தை" என்று எழுந்து, தலைவர் முதல் மைக் செட்காரர் வரை வணங்கி, தான் முடித்த பயிற்சிகளை ஒன்றுவிடாமல் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் தேநீர் ஆறிப்போயிருக்கும். விஷயம்? அது அடுத்த கூட்டத்தில்.

றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டக் காரியாலயத்தில் கணினிப் பொறுப்பாளராக இருந்த ஆண்டியப்பன் இந்த இனத்தில் முதல் தரம். மேட்டிலுள்ள மழைமானி அனுப்பும் அளவுகள் அங்கே ஒரு கறுப்புத் திரையில் வரிவரியாக விழும். ஒரு நாளில் நூறு மில்லிமீற்றரைத் தாண்டினால், மண் சரியும் முன் சரிவுக்குக் கீழேயுள்ள லயத்து வரிசை வீடுகளின் ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் வெறும் எண்களை மட்டும் காட்டும் திரை அவர் கண்ணை உறுத்தியது. திரையின் தலைப்பை மாற்றும் கட்டளைக்குள் தன் வணக்கத்தையும் பெயரையும் பதினொரு சான்றிதழ்களையும் எழுதினார். எழுதிய உற்சாகத்தில், கட்டளை இத்தோடு முடிந்தது என்று சொல்லும் ஒற்றைக் குறியைப் போட மறந்தார்.

அந்த மென்பொருளோ மகா பொறுமைசாலி. முடிவுக் குறி வரும்வரை வருவதெல்லாம் தலைப்பு என்றே நம்பும். கொள்ளுமளவு கொண்டதும் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வீசிவிடும். அன்று அது வீசியது மழையை.

தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் உதவியாளர் சர்மிளா கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சேர், காலையில இருந்து ஒரு நம்பரும் விழலையே!"

"மழை இல்லன்னா எப்படிம்மா விழும்?"

"வெளிய பாருங்க சேர்!"

"வெளிய பார்க்கிறதுக்கா சிஸ்டம் போட்டிருக்கோம்? உக்காரு, இதோட வரலாற மொதல்ல சொல்றேன்."

சர்மிளா உட்காரவில்லை. அவளுடைய அம்மா அந்த லயத்தில்தான் இருந்தாள். குடையைக்கூட எடுக்காமல் மேட்டில் ஏறினாள். மழைமானியின் முகப்பில் நூற்றுப் பன்னிரண்டு. வழுக்கி விழுந்து எழுந்து, கீழே ஓடினாள்.

"எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்க! சாமானெல்லாம் விடுங்க!"

பிற்பகல் மூன்று மணிக்கு மண் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு லயத்துக்குள் புகுந்தது. உள்ளே ஒரு சேவல்கூட இல்லை.

மறுநாள் சர்மிளா அந்த வணக்கத்தை முழுதாக அழித்தாள். எண்கள் பிழையின்றி விழத் தொடங்கின.

பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். பேசியது யார் என்கிறீர்கள்? "மிஷின மட்டும் நம்பாதீங்கன்னு ஒங்களுக்குக் காட்டத்தான் நான் அந்த ஸ்கிரீன வெறுமையா வச்சேன்" என்று ஆண்டியப்பன் நாற்பது நிமிடம் விளக்கினார். சர்மிளாவின் பெயரை அவர் சொல்லப்போன வேளையில் கரண்ட் போய்விட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும், கடைசியாக நீங்கள் அனுப்பிய அவசரச் செய்தியை எடுத்துப் பாருங்கள். அவசரம் எத்தனையாவது வரியில் இருக்கிறது?