நாற்காலி என்று கூப்பிட்டேன்

கணவர் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று நம்பிய கூட்டத்தில் கடைசிப் பைத்தியம் நான்தான். இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் வராது. தேட வேண்டாம்.

1950களின் நடுவில், கல்யாணமான புதிதில், எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆயிற்று. அப்போது காக்ஸ் டவுனில் குடியிருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னதெல்லாம் சாதாரண விஷயம்தான். படுத்தே கிடக்காதே, தினமும் மெதுவாக நட, கனமான எதையும் தூக்காதே, மேடு ஏறாதே, தையல் போட்ட இடம் இழுத்தால் உடனே உட்கார்ந்துவிடு. தையல் பிரிந்தால் மறுபடி மேஜைமேல் படுக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். எனக்கு அது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிற்று. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"உடனே உட்காருன்னா எங்க உட்காருவ? நடுரோட்லயா?" என்று மறுநாள் காலை கேட்டார். கேட்டுவிட்டு, கூடத்திலிருந்த பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் ஊர்வலம். முன்னால் நான், பின்னால் நாற்காலியோடு அவர். (சர்ச் பவனி போகும்போதுகூட எங்கள் தெருவில் இத்தனை பேர் வாசலுக்கு வந்ததில்லை.) வெயில் ஏறினால் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். பிரம்பு பின்னக் கொடுக்கப் போகிறீர்களா என்று எதிர்வீட்டு அம்மாள் விசாரித்தார். நான் நின்று கொஞ்சம் மூச்சு வாங்கினால் போதும், முழங்காலுக்குப் பின்னால் நாற்காலி வந்து முட்டும். எனக்கோ இருபது வயசு. வலியைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

ஒரு சனிக்கிழமை காலை யாரோ அவரை வழியில் நிறுத்தி, நாற்காலி விலைக்கா என்று கேட்டார்கள். அவர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் நழுவினேன். விறுவிறுவென்று மேடு ஏறி மார்க்கெட்டுக்குள் புகுந்துவிட்டேன். (பெரிய ஓட்டப்பந்தய வீராங்கனை என்று நினைப்பு.)

உருளைக்கிழங்குக் கடைக்கு முன்னால் தையல் சுருக்கென்று இழுத்தது. கண் இருட்டியது. குனிந்து தரையில் உட்காரவும் பயம். தூரத்தில், கூட்டத்துக்கு மேலே ஒரு நாற்காலி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அதுவும் என்னைத் தேடி எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க" என்று கத்தினேன். மார்க்கெட்டிலிருந்த கணவன்மார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், என்னுடையவரைத் தவிர.

"பேரச் சொல்லும்மா, நான் கூப்டறேன்" என்றாள் கிழங்குக்காரி.

உயிர் போகிற வலியிலும் வாயில் அந்தப் பெயர் வரவில்லை. "நாற்காலி, நாற்காலி" என்று கூவினேன். கிழங்குக்காரி அதையே வாங்கி இன்னும் உரக்கக் கூவினாள். அடுத்த கடைக்காரர் கன்னடத்தில் "குர்ச்சி, குர்ச்சி" என்றார். அப்படியே கடை கடையாகப் போயிற்று. மிதந்துகொண்டிருந்த நாற்காலி நின்றது, திரும்பியது, ஆட்களை இடித்துக்கொண்டு ஓடிவந்தது.

வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் மகாராணி மாதிரி உட்கார்ந்தேன். மார்க்கெட்டே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்கம்மா ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வரல, எஸ்தர். நீ வந்துட்ட. எனக்கு அது போதும்."

மாமியார் இல்லை என்பது தெரியும். எப்படிப் போனார் என்று அவர் அதுவரை சொன்னதில்லை. அழுதுவிட்டேன். அழுதால் தையல் இழுக்குமே என்று அதற்கும் பயந்தார், பாவம்.

நல்லவேளை, தையல் பிரியவில்லை. டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு ஒழுங்காக மெதுவாக நடந்தேன். உடம்பு இடம் கொடுத்தால் அடுத்த விளக்குக் கம்பம்வரை போவோம், இல்லாவிட்டால் திரும்பிவிடுவோம். நாற்காலி இப்போது பின்னால் வரவில்லை, பக்கத்தில் வந்தது.

பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மார்க்கெட்டில் அவர் நாற்காலிக்காரர். பேரப்பிள்ளைகளுக்கு நாற்காலி தாத்தா. தன் கல்யாணப் பத்திரிகையில் அவருடைய பெயரைப் படித்த பேத்தி, "இது யாரு பாட்டி?" என்று என்னிடமே கேட்டாள்.

இன்றும் சமையலறையிலிருந்து "நாற்காலி" என்று கூப்பிட்டால் அவர் வெறுங்கையோடு வருவதில்லை. மேலே இருக்கிற கடுகு டப்பாவை எடுத்துத் தரக் கூப்பிட்டாலும், ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டுதான் வருகிறார். வந்து, என் முழங்காலுக்குப் பின்னால் போடுகிறார். நானும் கடுகை மறந்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.