பல்செட்டின் வேற கம்பெனி ராட்சதன்

பல் கட்டிப் பிழைக்கிறவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிரகத்தைக் காப்பாற்றிவிட்டு, திங்கட்கிழமை காலையில் யாருடைய கடைவாய்ப் பல்லுக்கோ திரும்பி வருகிறவர் எங்கள் பெரம்பலூர் பல்செட்டு ஒருவர்தான். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இன்சூரன்ஸ் ஆபீசில் மாற்றலாகி நான் பெரம்பலூருக்கு வந்த புதிதில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மேன்ஷனில் அறை எடுத்திருந்தேன். எதிர் அறை அவருடையது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் பல்செட் செய்து கொடுப்பார். அதனால் பெயரும் அதுவே ஆகிவிட்டது. சொந்தப் பெயர் வீட்டு ஓனருக்குக்கூடத் தெரியாது.

முதல் நாள் அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று எட்டிப் பார்த்தேன். மனுஷன் மேஜைமேல் கன்னத்தைப் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் கிடந்தார். நெஞ்சுவலி என்றே நினைத்தேன்.

“சார்! என்ன ஆச்சு சார்?”

“கொஞ்சம் சும்மா இருங்க சார். நம்மாளுக்கு அந்தப் பக்கம் தெரியுதான்னு பாக்குறேன்.”

நம்மாளு என்பது மேஜைமேல் நின்ற ஒரு ராட்சத ரோபோ. ராட்சதன் என்றாலும் ஒரு சாண் உயரம்தான். அவன் காலடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சிப்பாய்கள் நின்றதால் ராட்சதன். சுற்றிலும் பல் அச்செடுக்கும் மாவில் செய்த மலைகள், இடிந்த கட்டடங்கள். ஏதோ ஒரு தூரத்துக் கிரகத்தில், இன்னும் வராத ஒரு காலத்தில் நடக்கும் சண்டையாம். இரண்டு பேர் ஆட வேண்டும். டேப்பால் அளந்து ஆளை நகர்த்த வேண்டும். பகடை உருட்டிச் சுட வேண்டும். அதற்கு முன்னால், சுடுகிறவனுக்கு எதிரி கண்ணுக்குத் தெரிகிறானா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க ஆடுகிறவர் தலையைத் தாழ்த்தி, அந்தப் பொம்மையின் கண் மட்டத்துக்கு வந்தாக வேண்டும். கன்னம் மேஜையில் பட்டது அதனால்தான்.

பொம்மை என்று நான் எழுதியதைப் பார்த்தால் கோபித்துக்கொள்வார். அவருக்கு எல்லாம் ‘ஆளு’.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்த விளையாட்டை நடத்தும் கம்பெனி, விதிகளுக்கு ஒரு புத்தகம் போட்டு, அதில் வரும் ராட்சதனையும் தானே செய்து விற்கிறது. பல்செட்டுக்கு அவன் முகம் பிடிக்கவில்லை. “ஆபீசர் மாதிரி முறைக்கிறான் சார்” என்பார். வேறொரு கம்பெனி செய்த ராட்சதனை வரவழைத்தார். பார்சலில் இரண்டு கையும் உடைந்து வந்தது. இவர் அசரவில்லை. பல்செட்டின் ஈறு செய்கிற அதே ரோஸ் கலர் பொருளில் இரண்டு புதுக் கைகளை வார்த்து ஒட்டினார். உடம்பெல்லாம் இரும்பு நிறம், கை மட்டும் ஈறு நிறம். பார்த்தால் இப்போதுதான் மருதாணி கழுவிவிட்டு வந்தவன் மாதிரி இருப்பான்.

“டூப்ளிகேட்டா?” என்று கேட்டுவிட்டேன்.

“டூப்ளிகேட் இல்ல சார், வேற கம்பெனி! உங்க வண்டிக்கு வேற கம்பெனி டயர் போட்டா வண்டி ஓடாதா?”

வண்டி ஓடும். ஆனால் ஆட்டத்துக்கு எதிராளி ஒத்துக்கொள்ள வேண்டும். ஆடத் தொடங்கும் முன் “இதை அதுன்னு வெச்சுக்கலாமா?” என்று கேட்பதும், எதிராளி “வெச்சுக்கலாம்” என்பதும் இவர்களுக்குள் ஒரு மரியாதை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் இந்த ஆட்டம் தெரிந்த இன்னொருவர் ஒரே ஒரு ஆள்தான் கிடைத்தார். அவர் ஒத்துக்கொள்கிற ஜாதி இல்லை.

அவர் அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்கும் அதிகாரி. சுண்ணாம்பு சார் என்று நான்தான் பெயர் வைத்தேன். கல்லில் கலப்படம் கண்டுபிடித்தே பழகிய மனிதர். ஒவ்வொரு ஞாயிறும் பல்செட்டு பஸ் ஏறி அவர் குவார்ட்டர்ஸுக்குப் போவார். டப்பாவைத் திறந்து, “இவனை உங்க புக்குல இருக்கற அவன்னு வெச்சுக்கலாமாங்க?” என்பார்.

“இல்லீங்க. உங்காளு ஒரு விரக்கடை உசரம் ஜாஸ்தி. சுவத்துக்கு மேல எட்டிப் பாப்பாரு. நியாயமில்லீங்க.”

டப்பா மூடப்படும். சின்னச் சிப்பாய்களை மட்டும் வைத்து ஆட்டம் நடக்கும். வருஷக்கணக்கில் இதே கதை. நம்மாளு அரியலூருக்குப் பஸ்ஸில் போனதுதான் மிச்சம், சுண்ணாம்பு சார் எதிரில் ஒரு தடவைகூடக் களத்தில் கால் வைத்ததில்லை. உயரத்தை அளந்ததோடு சரி, சுண்ணாம்பு சார் அவன் முகத்தைப் பார்த்தது கூடக் கிடையாது.

ஓங்கிய கைதான் உயரத்தைக் கூட்டுகிறது என்று நினைத்து, ஒருமுறை ராட்சதனின் கையைக் கொஞ்சம் சின்னதாக வார்த்து, ‘இதுவாவது சரியா’ என்று பார்க்கச் சொல்லி சுண்ணாம்பு சாருக்குக் கூரியரில் அனுப்பினார். அதே நாளில் அரியலூர் டாக்டரம்மாவுக்கு ஒரு பல்செட்டும் போனது. இரண்டும் ஒரே மாதிரி டப்பா. மறுநாள் டாக்டரம்மா போனில் வந்தார்.

“யோவ், உடையார்பாளையத்துப் பெரியவர் வாயைத் தொறந்துட்டு உக்காந்துருக்காரு. நீ முஷ்டியை அனுப்பி வெச்சுருக்க!”

பல்செட்டு பதறிப்போய் சுண்ணாம்பு சாரைப் போனில் கூப்பிட்டார். அவர் அதற்குள் டப்பாவில் வந்த பெரியவரின் பல்செட்டை மேஜையில் வைத்து, டேப்பால் அளந்து, புத்தகத்தையும் புரட்டி முடித்திருந்தார்.

“இது எந்தப் படையைச் சேந்ததுங்க? புக்குல காணோமே.”

“சார், அது ஒரு பெரியவரோட பல்லுங்க!”

“யாரோடதா இருந்தாலும் சரிங்க. கம்பெனி மாலா இல்லாம ஏத்துக்க முடியாதுங்க.”

இப்படி ஒரு ஆளிடம் போய் மாட்டிக்கொண்டோமே என்று பல்செட்டு ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. அவர் கவலையே வேறு. நம்மாளுக்கு வெளி உலகம் தெரியாமல் போய்விடுமே என்று நினைத்தார். ஒரு சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு ரஞ்சன்குடி கோட்டைக்குப் போனார். மேல் மதில்மீது அவனை நிறுத்தினார். “குனிங்க சார், இவன் கண்ணு வழியாப் பாருங்க” என்றார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சூடு ஆறாத கல்லில் நானும் கன்னத்தை வைத்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மதில் விளிம்பில் முளைத்திருந்த புல் பனங்காடு மாதிரி நின்றது. ஒரு எறும்பு எருமை நடையில் போனது. அதற்கு அப்பால் மக்காச்சோளக் காடு, மஞ்சள் வெயில், ஹைவேயில் சத்தமில்லாமல் ஊர்ந்த லாரிகள்.

“நிசமாவே இவன் இருந்தா, பாடாலூர்ல ஒரு காலு, இங்க ஒரு காலு வெப்பான் சார்,” என்று பக்கத்தில் படுத்திருந்த பல்செட்டு முணுமுணுத்தார். “யாரையும் மிதிக்க மாட்டான். பாத்துத்தான் நடப்பான்.”

வெங்காய வயல்களைத் தாண்டித் தாண்டி, ரோஸ் கைகளை வீசிக்கொண்டு, அவன் போவதை நான் பார்த்தேன். இன்சூரன்ஸ்காரன் இப்படியெல்லாம் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. சுண்ணாம்பு சாருக்கு ராஜஸ்தானுக்கு மாற்றல். பல்செட்டு இரண்டு நாள் யாருக்கும் பல் கட்டவில்லை. “ஒரு தடவ சார். ஒரே ஒரு தடவ அவரு எதிர்ல நம்மாளு எறங்கிட்டாப் போதும். அவரு போயிட்டா இவனை யாரு சார் பாப்பாங்க?” என்று என்னிடம் கேட்டார். சிபாரிசுக்கு நானும் கூடப் போனேன். வழியெல்லாம் மரங்கள் சிமென்ட் தூசியில் வெளுத்துப்போய், வேறு கிரகத்து மரங்கள் மாதிரி நின்றன. “ஒரு காலத்துல இங்கெல்லாம் கடலு சார்” என்றார் பல்செட்டு. டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

குவார்ட்டர்ஸ் காலியாகக் கிடந்தது. சாமானெல்லாம் லாரியில் போய்விட்டிருந்தது. மேஜையும் போய்விட்டது. சுண்ணாம்பு சார் தன் படையை மட்டும் கைப்பையில் வைத்துக் காப்பாற்றியிருந்தார். ஆனால் ஆட்டத்துக்கான சுவர்கள், கோட்டைகள், கம்பெனி மால் எல்லாமே மூட்டையோடு மூட்டையாகப் போயிருந்தன. சுவர் இல்லாமல் ஆட முடியாது. மனிதர் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தார். கடைசியில் சிமென்டைச் சோதிக்க வார்க்கும் சின்னக் கட்டிகள் கொஞ்சம், ஒரு ஓட்டை டிபன் பாக்ஸ், கடுகு டப்பா எல்லாவற்றையும் கொண்டுவந்து வெறும் தரையில் அடுக்கினார். அடுக்கிவிட்டு நின்றார்.

“இதையெல்லாம்... கோட்டைச் சுவர்னு வெச்சுக்கலாமாங்க?”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. நான் பல்செட்டைப் பார்த்தேன். நானாக இருந்தால் வட்டியும் முதலுமாகத் தீர்த்திருப்பேன்.

“அதுக்கென்னங்க, தாராளமா வெச்சுக்கலாம்” என்றார் பல்செட்டு.

சுண்ணாம்பு சார் தலையைக் குனிந்துகொண்டார். கடுகு டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்தார். பிறகு, “அவரையும் எறக்குங்க” என்றார்.

நம்மாளு இறங்கினான். மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்தோம். ஜன்னல் வழியாக வந்த வெயில் நீளமாக விழுந்து, கடுகு டப்பாவின் நிழல் ஒரு ஊரளவுக்கு நீண்டிருந்தது. ராட்சதன் டிபன் பாக்ஸின் பின்னாலிருந்து ஒரு எட்டு வெளியே வந்தான். அடுத்த முறை சுண்ணாம்பு சாருடையது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, நம்மாளை முதன்முதலாக முகத்துக்கு நேராகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பகடையை உருட்டினார். அப்படி ஒரு பகடை யாருக்கும் விழாது. ஒரே சூட்டில் நம்மாளு காலி.

சுண்ணாம்பு சார் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

“பகடை எதுலயோ இடிச்சு உருண்டுருச்சுங்க. செல்லாது. மறுபடி போடுறேங்க.”

சட்டம் பேசியே சாகடித்த மனிதர் சொன்னது இது.

“வேணாங்க! விழுந்தது விழுந்ததுதாங்க!” என்று எழுந்து நின்றுவிட்டார் பல்செட்டு. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். என் தோளைப் பிடித்து உலுக்கினார். “பாத்தீங்கல்ல சார்? சுட்டுட்டாரு! நம்மாளையும் ஒரு ஆளுன்னு மதிச்சு சுட்டுட்டாரு சார்!”

சுண்ணாம்பு சார் தன் படையைப் பல்செட்டிடம் விட்டுவிட்டு ராஜஸ்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆட்டம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருகிறார். செல்போனைத் தரையில் சாய்த்து வைத்தால், அங்கிருந்தபடியே களத்தைப் பார்ப்பார். ஆனால் அவர் படையை இங்கே எடுத்து நகர்த்த ஒரு ஆள் வேண்டுமல்லவா? அது நான்தான். நான் மேன்ஷனைக் காலி செய்து, குடும்பத்தோடு வேறு தெருவுக்குப் போய் வெகுநாள் ஆகிறது. கேட்டால், இன்சூரன்ஸ் விஷயமாகத்தான் அங்கே போய்வருகிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை என்னவென்றால், பல்செட்டு தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கும்போது, பக்கத்தில் நானும் படுத்திருக்க வேண்டும் எனக்கு.