தண்ணி மேல் குத்தமில்லை

உயிரே போனாலும் ஏற்காட்டை விட்டு இறங்குவதில்லை என்று நான் சபதம் எடுத்தது எண்பத்து மூன்றாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு. சபதம் எடுக்க வைத்தது என் மனைவி அற்புதத்தின் தலைமுடி.

காப்பி டம்ளரை வைத்தாள். பக்கத்திலேயே ஒரு கைப்பிடி முடியையும் வைத்தாள்.

"என்ன இது?"

"முடிங்க."

"யாருது?"

"இந்த ஊட்டுல வேற யாருக்குங்க முடி இருக்குது?"

கேள்வி நியாயமானது. முப்பத்தைந்து வயதிலேயே என் நெற்றி பிடரி வரைக்கும் போய்விட்டது.

"சீப்பு வெச்சாக் கொத்துக் கொத்தா வருதுங்க. இந்த மலைத் தண்ணி எனக்கு ஒத்துக்கலை. பேசாம சேலத்துக்கே போயிரலாங்க. அப்பா அவ்வளவு பெரிய ஊட்டுல ஒத்தையாக் கெடக்கறாரு. நீங்களும் கடையில ஒத்தாசையா இருக்கலாம்."

இந்த ஒத்தாசை என்ற சொல்லைக் கேட்டதும் வாய் வரைக்கும் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மாமனாருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை. இங்கே நான் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். தினம் காலையில் எண்பது ஆட்களுக்குப் பேர் கூப்பிடுகிறவன். நான் தும்மினால் 'என்னாச்சுங்க ரைட்டரய்யா' என்று நாலு பேர் ஓடி வருவார்கள். அங்கே போனால் சேலத்து வெயிலில் உள்பாவாடைத் துணி கிழிக்க வேண்டும். அதுவும் மாமனார் கண் எதிரில். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் தன் வயிறு எப்படி இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிறுத்துவார். வீட்டோடு மாப்பிள்ளையாக அதைக் கேட்டுக்கொண்டு ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது.

சாயங்காலம் ஒண்டிக்கடை முக்குக்குப் போனேன். பக்கீர் முகமதுவின் டீக்கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை அங்கே எங்கள் சீட்டுக் கச்சேரி. அன்று எனக்கு ரம்மி சேரவில்லை.

"பாய், நம்மூர்த் தண்ணிக்கு முடி கொட்டுமா?"

"எனக்குத் தாடி ஒண்ணும் கொட்டலையே, ரைட்டரே. அடிவாரத்துல பாலசுப்பிரமணியம்னு ஒரு ஆயுர்வேத வைத்தியர் இருக்காரு, போய்ப் பாருங்க. முடி கொட்டுதுன்னு போனா வயித்தைத் தட்டிப் பாக்கறாராம். எல்லாத்துக்கும் வயிறுதான் காரணங்கறாராம்."

"தண்ணி இல்லையே?"

"வயிறுதான்."

பார்க்காமலே எனக்கு அந்த வைத்தியர் மேல் பக்தி வந்துவிட்டது. சனிக்கிழமை பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி இறங்கி, தனியாக அவரைப் போய்ப் பார்த்தேன்.

"நாளைக்குச் சம்சாரத்தைக் கூட்டிட்டு வர்றேனுங்க. தண்ணி மேல குத்தமில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்."

"உண்மையே அதுதானுங்களே. சோறு செரிச்சு ரசமாகுது, ரசம் ரத்தமாகுது. அப்புறம் சதை, கொழுப்பு, எலும்புன்னு போகுது. எலும்புல மிஞ்சறதுதானுங்க முடியும் நகமும். வயித்துல அக்கினி சரியா எரிஞ்சாத்தான் தலைக்கு வந்து சேரும்."

"பிரமாதமுங்க! அப்படியே, மலைத் தண்ணி குடிச்சா எப்பேர்ப்பட்ட தலையிலயும் முடி முளைக்கும்னு ஒரு வரி சேத்துக்குங்க."

வைத்தியர் என் தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நீங்க எத்தனை வருசமா அதைக் குடிக்கறீங்க?"

"நான் காப்பிதானுங்க குடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அற்புதத்தோடு மறுபடி இறங்கினோம். வழியெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடினேன். "வைத்தியர் என்ன சொன்னாலும் நாம ரெண்டு பேரும் கட்டுப்படோணும்." அவள் ஒவ்வொரு வளைவிலும் "சரிங்க" என்றாள்.

வைத்தியர் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு என் காதில் தேன் பாய்ந்தது.

"தண்ணி மேல குத்தமில்லைங்க அம்மணி. செரிமானந்தான் கெட்டிருக்குது."

எழுந்து நின்று கை தட்டலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் தொடர்ந்தார்.

"மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்புடறீங்க?"

"அவங்க வந்து சாப்பிட்ட பொறவுங்க."

"அவங்க எப்ப வருவாங்க?"

"ரெண்டரை, மூணு ஆயிருங்க."

"ராத்திரி?"

"சீட்டுக் கச்சேரி முடிஞ்சு ஒம்பது மணிக்கு வருவாங்க. அவங்க சாப்பிட்டதுக்கு அப்புறம்."

"அதுக்கு முன்னாடி பசிக்காதுங்களா?"

"ஏழு மணிக்கே பசிக்குமுங்க. ஒரு சொம்பு தண்ணி குடிச்சுக்குவேன்."

"அப்புறம் என்ன சாப்புடுவீங்க?"

"மிஞ்சறதுங்க. நம்மூர்க் குளுருல சோறு வெறைச்சுப் போயிருமுங்க. ரசம் கல்லாட்டம் இருக்கும்."

வைத்தியர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். எஸ்டேட் துரைகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. பத்து வருஷமாக இவள் பசியைத் தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அவர் அடுத்து வாய் திறக்கும் வரைதான் நீடித்தது.

"பசிதானுங்க அக்கினி. அது யாருக்காவும் காத்துக் கெடக்காது. மத்தியானம் பன்னெண்டரை, ராத்திரி ஏழு. சுடச்சுடச் சாப்புடோணும். யாரு வந்தாலும் வராட்டியும் சரி. படுக்கறப்ப திரிபலாவை வெந்நீர்ல கலக்கிக் குடிங்க."

"ஏனுங்க, அது எப்படிங்க? புருசன் சாப்புடறதுக்கு முன்னாடி..." என்று நான் இழுத்தேன்.

அற்புதம் என் பக்கம் திரும்பினாள். "வைத்தியர் என்ன சொன்னாலும் கட்டுப்படோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் வழியே கீழே தெரிந்த ஊரையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுபடி சேலத்தைத்தான் நினைக்கிறாளோ என்று எனக்குப் பயம். பயத்தில் வாய் நீண்டுவிட்டது.

"நம்ம தண்ணியைப் பத்தி வைத்தியர் நேத்தே எங்கிட்டத் தனியாச் சொன்னாரு. இதைக் குடிச்சு, நேரத்துக்குச் சாப்பிட்டா, வழுக்கைத் தலையிலகூட முடி முளைக்குமாம்."

"நெசமாலுமாங்க? வழுக்கையிலயுமா?"

"சத்தியமா."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். இனி சேலம் பேச்சே வராது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அன்றைக்கே பத்தியம் ஆரம்பமாகிவிட்டது. ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போனேன். அற்புதம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு தட்டில் சோறு மூடி வைத்திருந்தது. தொட்டால் விரல் மரத்தது.

"கொஞ்சம் சூடு பண்ணிக் குடேன்."

"சாப்பிட்ட பொறவு அடுப்புக்கிட்டப் போனாப் பித்தம் ஏறும். பித்தம் ஏறுனா முடி கொட்டுமுங்க."

வைத்தியர் இதைச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. போய்க் கேட்கவும் தைரியமில்லை. நாலு நாள் தாக்குப் பிடித்தேன். ஐந்தாம் நாள் கையில் ஜோக்கரோடு ஆறரை மணிக்கு எழுந்துவிட்டேன். "எங்க ரைட்டரே?" என்றார் பக்கீர் பாய். "பசிக்குது பாய்" என்றேன்.

மூன்று மாதத்தில் அற்புதத்தின் சீப்பில் முடி வருவது நின்றது. கன்னம்கூடக் கொஞ்சம் உப்பிவிட்டது. பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு ரொம்ப சந்தோஷமாக நடமாடினாள். எனக்கும் சந்தோஷம்தான். சீட்டு போனது. நண்பர்கள் போனார்கள். ஆனால் மலையை விட்டு நான் இறங்கவில்லை. மாமனார் வீட்டில் இருக்கவில்லை. மொத்தத்தில் ஜெயித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஆறரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன்.

கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருட்டு. என் நாற்காலியில், குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, என் மாமனார்.

"வாங்க மாப்பிள்ளை! கடையைக் குத்தகைக்கு உட்டுட்டு வந்துட்டேனுங்க. காலையில பாருங்க, வயிறு..."

நான் சமையலறைக்குள் ஓடினேன். அற்புதம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன அற்புதம்?"

"அம்மா போனதிலிருந்து அப்பா ஒத்தையா ஓட்டல்ல சாப்பிட்டுட்டுக் கெடந்தாருங்க. எனக்கு மனசே ஆறலை. சேலத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டா நீங்க வர மாட்டீங்க. அதான், நீங்க பஸ்ஸுல சொன்னதை அப்படியே கடுதாசி எழுதிப் போட்டேன்."

கூடத்துக்குத் திரும்பி வந்து, குரலைத் தேனில் நனைத்துக்கொண்டு கேட்டேன்.

"எத்தனை நாள் இருப்பீங்க, மாமா?"

மாமனார் குல்லாயைக் கழற்றினார். விளக்கு வெளிச்சத்தில் தலை பளபளத்தது. என் கல்யாணத்தன்றே அதில் ஒரு முடி கிடையாது.

"ரொம்ப நாள் இல்லீங்க மாப்பிள்ளை. முடி முளைக்கற வரைக்குந்தான்."