இடதுகைக் கத்தரி

சத்தியம், சத்தியம், மூன்றாம் தடவையும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் விசா இன்றைக்கே கேன்சலாகட்டும். ஷார்ஜாவிலிருந்து அல் கோபார் வரை ஒட்டகத்துக்குக் குடை பிடித்தபடி நடக்கிறேன்.

சோலையப்பனுக்குப் பெயரில்தான் சோலை. செடி என்றாலே ஆகாது. ஆனால் ஷார்ஜாவில் அவர் குடியிருக்கும் வில்லாவின் மதில்மேல் ஒரு காகிதப்பூச் செடி. இன்று வெட்டினால் நாளைக்குப் பக்கத்து வீட்டுக் காரைத் தடவிக்கொண்டு நிற்கும். மனைவி நாகவள்ளி இடதுகைக்காரி. "இந்தக் கத்தரி என் கைக்கு வராதுங்க" என்று கல்யாணமான புதிதிலேயே ஒதுங்கிவிட்டாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் டிவியில் கிரிக்கெட், மதிலோரம் முள்ளோடு சோலையப்பன்.

ஒருநாள் பொறி தட்டியது. தொழிற்பேட்டையில் அவர் சேஃப்டி ஆபீசர் ஆயிற்றே! தினமும் வெல்டர்களை வெயிலில் நிற்கவைத்து அவர் ஓதுவது ஒன்றுதான்: "கருவிதான் கைக்கு ஏத்ததா இருக்கணும், கை கருவிக்கு வளையக்கூடாது." தேடிப்பிடித்து, இடதுகைக்கென்றே செய்த செடிக் கத்தரி ஒன்றை வாங்கி, ரிப்பன் கட்டி நீட்டினார்.

"நாகு, கைப்பிடியைப் பாரு! உன் உள்ளங்கைக்கே வார்த்த மாதிரி. பூட்டு உன் கட்டைவிரல் பக்கம். வெட்டுற இடம் பிளேடுக்குப் பின்னால மறையாது. ஸ்பிரிங் தானா திறந்துக்கும், மணிக்கட்டுக்கு வேலையே இல்ல!"

"அப்போ நீங்க?"

"ஐயையோ, நான் தொடலாமா? கைக்கு ஒத்துவராத கருவி ஆபத்து!"

"பழைய கத்தரி?"

"லேபர் கேம்ப்ல குடுத்தாச்சு. கலாஸ், கதை முடிஞ்சுது!"

"அப்போ, கைக்கு ஒத்துவராததை யாருமே தொடக்கூடாதா?"

"கூடவே கூடாது."

"சத்தியமா?"

"என் உத்தியோகத்து மேல சத்தியம்!"

நாகவள்ளி வெளியே போனாள். சோலையப்பன் சோபாவில் சுல்தான் மாதிரி சாய்ந்தார். டிவியில் டாஸ் போட்டு முடிப்பதற்குள் செடிக்கு மொட்டை போட்டுவிட்டு, அடுக்களைக்குள் புகுந்து, ஒரு கூடையோடு வந்து நின்றாள்.

"என்ன நாகு இது?"

"பீலர், டின் ஓப்பனர், ஒருபக்கம் மட்டும் தீட்டின கத்தி, ஒருபக்கம் மூக்கு வெச்ச கரண்டி. எல்லாமே வலதுகைக்குச் செஞ்சதுங்க. இத்தனை வருஷம் எவ்வளவு பெரிய ஆபத்துல இருந்திருக்கேன்! நல்லவேளை, நீங்க சொன்னீங்க."

சோலையப்பனுக்கு வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அ... அதுக்கும் இடதுகைச் சாமான் வாங்கிடலாமே!"

"எதுக்குங்க வீண் செலவு? அதான் வீட்டுலயே ஒரு வலதுகை சும்மா கிடக்கே. யல்லா, கிளம்புங்க! முதல்ல வெங்காயம்."

செடிக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் வெட்டு. பசி அப்படியா? இப்போது சோபாவில் சாய்ந்து ஸ்கோர் சொல்வது நாகவள்ளி. கண்ணீரோடு கேட்டுக்கொள்வது அவர். கேட்டால் வெங்காயம் என்பார்.

கதையை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது நான் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். என் வீட்டுக்காரியும் இடதுகைதான். அவள் காதுக்கு இன்னும் போகவில்லை.