தாத்தாவின் பலகையைத் தட்டிய வெள்ளைக்காரன்

பினாங்கு,
பேய் மாதம் முடிந்த மறுவாரம்

தைப்பிங்கில் வாழும் என் மதிப்புக்குரிய மூத்த அக்காவுக்கு, தம்பி பூன் தெய்க் தலை வணங்கி எழுதுவது. இங்கே நானும் மகள் சுவீ லானும் நலம். அங்கே உங்கள் முட்டிவலியும் அத்தானின் கோபமும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

துறைமுக ஆபீஸ் வெள்ளைக்காரன் நைஜலைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சுவீ லான் ஒற்றைக்காலில் நிற்கிறாள். கட்டினால் சீமைக்குக் கூட்டிப் போய்விடுவான். அவள் அம்மா போன பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அது கிடக்கட்டும், ஆள் சரியில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவன் மோதிரத்தில், குதிரை மேல் ஒருவன் டிராகனை ஈட்டியால் குத்துகிறான். மழை கொடுக்கிற டிராகனை எவனாவது குத்துவானா? நானோ டிராகன் வருஷத்தில் பிறந்தவன். கேட்டால், அவர்கள் ஊரில் அது பெண்பிள்ளைகளைத் தூக்கிப் போகுமாம். பெண்ணைத் தூக்கிப் போகப்போவது யார் என்று எனக்குத் தெரியாதா?

சாப்பிடக் கூப்பிட்டு ஆழம் பார்த்தேன். மீனில் மேல்பக்கம் தீர்ந்ததும் புரட்டிப் போட்டுவிட்டான். மீன் புரண்டால் கப்பல் புரளும், உங்கள் மகன் மெங் கப்பலில் இருக்கிறான். அப்புறம் உப்பு சிந்தியது. பின்னால் நிற்கும் பிசாசின் கண்ணில் போடுகிறேன் என்று ஒரு சிட்டிகை எடுத்து இடது தோளுக்கு மேலே எறிந்தான். பின்னால் இருந்தது நம் அடுப்புச் சாமி. அதோடு விட்டானா? "மாமா நல்லா திடமா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, கண் படாமல் இருக்க மரத்தைத் தட்ட வேண்டும் என்று கைக்கு எட்டிய மரத்தைத் தட்டினான். அது நாம் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடும் தாத்தாவின் பெயர்ப்பலகை. செத்தவரைத் தட்டி எழுப்பினால் சும்மா இருப்பாரா? மறுநாளே மாடியில் கூரை ஒழுகியது.

"அப்பா, ஓடு உடைஞ்சு எவ்வளவு நாளாச்சு" என்றாள் சுவீ லான்.

"அப்ப ஒழுகாதது இப்ப ஏன் ஒழுகுது?"

"அப்பவும் ஒழுகுச்சு. நீங்கதான் மாடிக்கு வர்றதில்ல."

பாருங்கள், இப்போதே அவன் பக்கம் பேசுகிறாள். அதனால் அக்கா, ஜாதகம் பொருந்தவில்லை என்று கோயில் பெரியவர் சொன்னதாக நீங்கள் ஒரு கடிதம் போட வேண்டும். பொய்தான், ஆனால் நீங்கள் சொன்னால் நம்புவாள். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் அரிசிப்பானை என்றும் நிறைந்திருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி,
பூன் தெய்க்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நைஜல் வந்தான். முகம் வழக்கத்தைவிட வெளுத்திருந்தது. சீமையில் அவன் அம்மா வீட்டு ஆளுயரக் கண்ணாடியை உடைத்துவிட்டாராம். கண்ணாடி உடைந்தால் அந்த வீட்டுக்கு ஏழு வருஷம் பீடையாம். "புதுப்பொண்ண அங்க எப்படிக் கூட்டிட்டுப் போறது? அதுவரைக்கும் உங்க மாடியிலயே இருந்துக்கலாமா மாமா?" என்று கேட்டான். விவரமான பிள்ளை அக்கா. கோயில் பெரியவரிடம் நல்ல நாளாகப் பார்த்து எழுதுங்கள். சம்பந்தியம்மாவுக்குப் பெரிய கண்ணாடி ஒன்று வாங்கிக் கப்பலில் அனுப்புகிறேன். வைக்கோல் வைத்துக் கட்ட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.