ஒரே ஒரு பட்டாம்பூச்சி

நாற்பத்தோராவது நாளாக, செக்கர் தன் நோட்டில் ‘பட்டாம்பூச்சி: இல்லை’ என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார். யாரும் கேட்காத கையெழுத்துதான். ஆனால் முப்பத்திரண்டு வருடம் துணி ஆலையில் துணியைப் பார்த்துப் பார்த்துக் குறை எழுதின கை, ஓய்வு பெற்றதும் சும்மா இருந்துவிடுமா? தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னமும் செக்கர்தான்.

ஓய்வு பெற்ற முதல் ஒன்பது நாளும் சமையலறையில் நின்று உப்பு டப்பா, புளி டப்பாவுக்கெல்லாம் குறை எழுதினார். பத்தாம் நாள் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குன்னு நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. பின்பக்கம் ஒரு தோட்டம் போட்டு ஒரே ஒரு பட்டாம்பூச்சி வரவழைச்சுக் குடுங்க. அது போதும்."

உண்மைதானே, இத்தனை வருடத்தில் அவள் வாய் திறந்து என்ன கேட்டாள்? இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன புருஷன் என்று செக்கர் அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்.

நோட்டை மூடிவிட்டு வழக்கம்போல் ஒன்பது மணிக்கு நர்சரிக்குக் கிளம்பினார். போனால் பதினொரு மணி வரை நர்சரிக்காரர் உயிரை வாங்காமல் திரும்ப மாட்டார்.

"உங்க செடி சரியில்ல" என்றார் செக்கர்.

"பூ பூத்துச்சா சார்?"

"பூத்துச்சு. ஆனா இலையில ஓட்டை விழுந்துது. ஓட்டை இலையெல்லாம் கிள்ளிட்டேன். புழுவையும் ஒண்ணு விடாம பொறுக்கி வெளிய போட்டாச்சு. இப்ப ஒரு குறை சொல்ல முடியாது."

நர்சரிக்காரர் தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்தார்.

"சார், அந்தப் புழுதான் பட்டாம்பூச்சி. தொட்டில்ல கிடந்த பிள்ளைங்களைத் தூக்கி வெளிய போட்டுட்டு, வீட்டுல ஆள் நடமாட்டமே இல்லைன்னு எங்கிட்ட வந்து கேக்கறீங்க."

"அப்ப ஓட்டையை ஓட்டையாவே விடணுமா?"

"விடணும்."

அன்று முதல் செக்கர் ஓட்டை இலையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அவருக்கு அது சாதாரணத் தியாகமில்லை. ஒரு வாரம் போயிற்று. பட்டாம்பூச்சி வரவில்லை.

"சக்கரைத் தண்ணி வச்சுப் பாருங்க" என்றார் நர்சரிக்காரர், ஆளை அனுப்பினால் போதும் என்ற நினைப்பில்.

செக்கர் எட்டுத் தட்டில் வைத்தார். எறும்புக்குத் தகவல் சொல்லியா அனுப்ப வேண்டும்? மறுநாள் தட்டிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து அவருடைய தலையணைக்கு ஒரே ஊர்வலம்.

சரி, தரையில் வைத்தால்தானே எறும்பு என்று கிண்ணங்களைத் துணி காயப்போடும் கொடியில் கட்டித் தொங்கவிட்டார். கயிற்றுக்கு எண்ணெயும் தடவினார். எறும்பு நின்றது. தேனீ வந்தது. ஒன்று இரண்டு இல்லை, கொடி முழுக்க.

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டர், முன்னறையிலேயே வைத்தியம் பார்ப்பவர். மதில் மேல் அவர் தலை தெரிந்தது.

"சார், எங்கிட்ட வர்றவங்க ஒரு பக்கம் கன்னம் வீங்கி வருவாங்க. இப்ப ரெண்டு பக்கமும் வீங்கிப் போறாங்க."

"மன்னிச்சுக்கோங்க டாக்டர். அரை மணி நேரத்துல விரட்டிடறேன்."

ஈரச் சருகைக் குவித்துப் புகை போட்டார். தேனீக்கள் நாலு அடி தள்ளிப்போய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. புகை மட்டும் மதில் தாண்டிப் போயிற்று. டாக்டர் இந்தத் தடவை வாசல் வழியாகவே வந்தார். கண் சிவந்திருந்தது.

"உள்ள ஒருத்தர் வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்கார். பாதி பல்லுதான் எடுத்திருக்கேன். இருமறதா, கத்தறதான்னு அவருக்கே தெரியல. ஏன் சார், பூச்சி வளக்கறீங்களா, என்னை ஊரை விட்டுத் துரத்தறீங்களா?"

செக்கர் வாளித் தண்ணீரை எடுத்துச் சருகின் மேல் கொட்டினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டதே என்று அவமானமாக இருந்தது. மாலையில் மனைவி எதிரில் போய் நின்றார்.

"என்னால முடியல. நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுவும் என்னால ஆகல. விட்டுடலாம்னு பாக்கறேன்."

மனைவி பதறிப்போனாள். "அய்யோ, அதெல்லாம் விடக்கூடாது. ஆறு மாசம் ஆனாலும் ஆகட்டும். ஒரு வருஷம்கூட ஆகட்டும். எனக்கென்ன அவசரம்?"

எப்பேர்ப்பட்ட பொறுமைசாலியைக் கட்டியிருக்கிறோம் என்று செக்கருக்குக் கண் கலங்கியது.

மறுநாள் ஒன்பது மணிக்கு நர்சரிக்காரர் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதேகாலுக்கு அது வந்தது.

மஞ்சள் பட்டாம்பூச்சி. மதிலைத் தாண்டி, கொடியை ஒரு சுற்றுச் சுற்றி, ஓட்டை இலைக்குப் பக்கத்துப் பூவில் உட்கார்ந்து இறக்கையை மெல்ல விரித்து மூடியது. அதில் ஒரு குறை இல்லை. செக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மனைவியைக் கூப்பிடலாமென்றால் சத்தம் போட பயம். எழுந்திருக்கலாமென்றால் ஸ்டூல் கிறீச்சிடும்.

அப்போது வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் துடைப்பம். தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். நேராகப் பூச்செடிக்குப் போய், பழகின கையால் துடைப்பத்தை இரண்டு வீசு வீசினாள். பட்டாம்பூச்சி பல் டாக்டர் வீட்டுப் பக்கம் பறந்துபோயிற்று.

செக்கர் ஸ்டூலோடு எழுந்தார். "என்ன காரியம் பண்ணின நீ?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நீங்க இன்னிக்கு நர்சரிக்குப் போகலையா ஐயா? ஒண்ணே ஒண்ணு வந்துட்டாக்கூட நீங்க மறுபடி சமையலறைக்குள்ள வந்து நின்னுக்குவீங்கன்னு, தினமும் அம்மாதானே விரட்டச் சொல்றாங்க."